தொழில்நுட்பம் வளர்ந்துவிட்ட காலத்தில் நிலையான வீடு இனியும் தேவையா?

மடிகணினியும் சூரியத்தகடும் செய்மதி இணையமும், சில மணித்தியாலங்களில் பொருத்திக் கழற்றக்கூடிய வீடுகளும் வந்துவிட்ட பிறகு ஒருவருக்கு நிலையான வீடு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அந்த நிலையான பகுதி நாம் வழக்கமாக நினைப்பதிலும் மிகச் சிறியதாக இருக்கலாம். நான் கிளிநொச்சியில் படவரைஞராக வேலை செய்கிறேன். வேறு நாடுகளில் எழும் கட்டடங்களுக்கான வரைபடங்களை இங்கிருந்தே இணையவழி அனுப்புவது என் சம்பாத்தியத்தின் பெரும்பகுதி. 2008இல் போரினால் துணுக்காயிலிருந்து இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு வரை ஊர் ஊராக நகர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இடம் மாறி வாழ்வதைப் பற்றி நான் நினைப்பவை இந்த இரண்டிலிருந்தும் வந்தவை.

நகரும் வீட்டைப் பற்றிய கனவுகளில் 1960களின் கனவுகளே இன்றும் ஆள்கின்றன. 1964இல் ஆர்க்கிகிராம் என்ற பிரித்தானியக் கட்டடக்கலைக் குழுவின் ரொன் ஹெரன், கால் முளைத்து நிலமெங்கும் நடக்கும் நகரமொன்றை வரைந்தார். குழாய்களும் கம்பிகளும் இயந்திரங்களுமே நிறைந்துவிட்ட வீட்டுக்குச் சுவர் எதற்கு என்று மறு ஆண்டு கட்டடக்கலை விமர்சகர் ரெய்னர் பன்ஹாம் வாதிட்டார். அந்த வாதத்தோடு வந்த படத்தில், காற்றடைத்த ஒளிபுகு குமிழியொன்றுக்குள் ஓர் இயந்திரத்தைச் சுற்றி மனிதர் அமர்ந்திருப்பார்கள். அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அவர்களுடைய கழிவு எங்கே போகிறது என்பதே எனக்கு எழும் முதற் கேள்வி. கட்டி முடிக்கப்பட்டவையும் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. கட்டடக்கலைஞர் கிஷோ குரொகாவா 1972இல் டோக்கியோவில் எழுப்பிய நக்காகின் கோபுரத்தில் தனித்தனியாகப் பொருத்திய சிறு அறைகளான 140 கூடுகளும் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியவை. ஒன்றைக் கழற்ற மற்றவற்றையும் அசைக்க வேண்டியிருந்தது. கூடுகளோ வெவ்வேறு உரிமையாளர்களிடம் இருந்தன. ஒன்றுகூட மாற்றப்படாமலே அந்தக் கோபுரம் 2022இல் கழற்றப்பட்டது.

வன்னியில் நகர்ந்து வாழும் முறை இந்தக் கனவுகளுக்கெல்லாம் மிக முந்தியது. மாரிமழையோடு காலபோக நெல் விதைப்புத் தொடங்கும்போது பட்டி மாடுகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரங்களுக்கும் தரவைகள் எனும் புல்வெளிகளுக்கும் ஓட்டப்படும். அறுவடை முடிந்ததும் அரிதாள் மேய்வதற்குத் திரும்பி வரும். பட்டிக்காரரின் கொட்டில் ஒரு பருவத்துக்கு மட்டும் நின்றால் போதும். நாயாறு, கொக்கிளாய் கரைகளிலும் காற்று மாறும் மாதங்களில் மேற்குக் கரை மீனவர்கள் வந்து காட்டுக்கம்பும் கிடுகும் தகரமும் கொண்டு வாடி போடுவார்கள். இலேசான கட்டடக்கலை என்று எனக்குத் தெரிந்தவற்றில் இவற்றையே மிகச் சிறந்தவையாக மதிக்கிறேன், ஏனெனில் இவற்றில் ஒவ்வொரு கம்புக்கும் காரணம் உண்டு, திரும்பிப் போகும் காலமும் போகும் வீடும் முன்கூட்டியே தெரியும். அப்படியிருந்தும் எந்தக் கரையில் யார் வாடி போடலாம் என்பதில் உள்ளூர் மீனவருக்கும் வெளியிலிருந்து வருவோருக்கும் இடையே நெடுநாட் பிணக்கு உண்டு. எவ்வளவு இலேசான குடிலும் நிலத்தின் மீது உரிமை கேட்கவே செய்கிறது.

இடம்பெயர்வு இதிலிருந்து முற்றிலும் வேறானது. இரண்டையும் நாடோடி வாழ்க்கை என்ற ஒரே பெயரில் அடக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. எங்கள் கூரைத் தகரங்களையும் சிலாகைகளையும் கதவுகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். தர்மபுரம், விசுவமடு என்று நகர நகரப் பெட்டியில் இருந்தவை குறைந்தன. இறுதியில் எஞ்சியவை தறப்பாளும், அடையாள அட்டைகளையும் காணிப் பத்திரத்தையும் சுற்றிய பொலித்தீன் பையும் மட்டுமே. கழற்றக்கூடிய வீடும் எடுத்துச் செல்லக்கூடிய ஆவணமும் எங்களிடம் இருந்தன. போய் நிற்பதற்கு ஓர் இடமே இல்லை. பின்னர் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நிலைமை தலைகீழாக இருந்தது. கூடாரம் நகர்வதற்கென்றே உருவான கட்டடம். அதற்குள் இருந்த இலட்சக்கணக்கானோருக்கு 2009 டிசெம்பர் வரை வெளியே போய்வரும் உரிமை இருக்கவில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் மழையில் வெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தது, மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. வடிகாலும் மலசலகூடமும் கூடாரத்தோடு மடித்து எடுத்துவரக்கூடியவை அல்ல என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

மீள்குடியேற்றக் காலத்தில் வடக்கு, கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்க அரசு முன்வைத்த திட்டம் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. தொழிற்சாலையில் செய்து, லொறியில் கொண்டுவந்து, விரைவாகப் பொருத்தும் வீடுகள் அவை. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்த வெயிலுக்கு உருக்குத் தகடு ஒத்துவராது, ஊர் மேசனாலும் தச்சராலும் திருத்த முடியாது, பிள்ளைகள் வளர அறையொன்றைக் கூட்டிக் கட்ட இயலாது என்ற எதிர்ப்புகளால் அது கைவிடப்பட்டது. அதற்கு முன் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா உதவியோடு மக்களே தங்கள் வீடுகளைக் கட்டினார்கள். அந்தத் தொகை போதாமல் பலர் கடன்பட்டார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த வீடுகளுக்குப் பின்னால் இன்று சேர்ந்திருக்கும் குசினிகளையும் விறாந்தைகளையும் பார்க்கும்போது, திருத்தவும் கூட்டவும் முடிவதே வீட்டின் உண்மையான இயக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொழில்நுட்பத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. மொங்கோலியாவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அரச திட்டமொன்று ஒரு இலட்சம் மேய்ப்பர் கூடாரங்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுக்க முனைந்தது. மேய்ப்பரை ஓரிடத்தில் இருத்தாமல் அவர்கள் போகும் வழியிலேயே மின்சாரம் கூடப்போனது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கிய பின், கட்டணம் செலுத்த வசதியுள்ளவர் முத்தையன்கட்டுக் காட்டோரத்திலிருந்தும் வேலை செய்யலாம். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், வாக்காளர் இடாப்பில் பெயர் பதியவும், கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்று பெறவும் ஒரு முகவரி வேண்டும். அதைச் செய்மதி தருவதில்லை.

ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஊரில் தங்குவோர் என்னிடம் வரைபடம் கேட்டால் நான் இப்படித்தான் வரைகிறேன்: கிணறு, மலசலகூடம், குசினி, ஆவணங்கள் வைத்துப் பூட்டக்கூடிய கல்லால் கட்டிய ஒரு சிறிய அறை ஆகியன நல்ல அத்திவாரத்தின் மீது நிலையாக இருக்கும், படுக்கவும் வேலை செய்யவுமான பகுதி நட்டும் போல்ட்டும் கொண்டு பொருத்திய மரச்சட்டத்தில், தேவைக்கேற்பக் கூட்டவும் கழற்றவும் கூடியதாக இருக்கும். நீங்களும் நகரும் வீடொன்றை வாங்க எண்ணினால், அதன் எடையை விசாரிக்கும் முன்பு, அதை நிறுத்தப்போகும் காணியின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும், ஆவணி மாதத்தில் அங்குள்ள கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதையும் விசாரியுங்கள்.