மதர்போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

கேள்வி: சின்னதாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று நாள் முன்பு ராத்திரி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரில் அசைவே இல்லை. ஃபேன் சுற்றவில்லை, லைட்டும் எரியவில்லை. சர்வீஸ் பண்ணும் தம்பி கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, ஏழாயிரம் ஆகும் என்கிறார். ஆறு வருஷத்து ஃபைல்கள் உள்ளே இருக்கின்றன. அதுவும் போய்விட்டதா ஐயா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: ஃபைல்களை நினைத்துக் கலங்காதீர்கள் அம்மா. அவை இருப்பது ஹார்டு டிஸ்க்கில். மதர்போர்டே போயிருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். யாரிடம் கொடுத்தாலும் டிஸ்க்கை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாயிரத்தை இப்போதே எடுத்து நீட்ட வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும், ப்ளக் சொருகியிருந்து சுவர் ஸ்விட்ச் ஆனில் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கேபினட்டுக்குள் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) 5 வோல்ட் தரும் ஒரு பகுதி ராத்திரி முழுக்க விழித்திருக்கும். காலையில் பட்டனைத் தொட்டதும் போர்டு எழுவது அதனால்தான். கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரியில் அடி வாங்கியது அதுவாக இருக்கலாம் என்பதுதான் என் முதல் சந்தேகம்.

யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் ப்ளக்கில் கொடுங்கள். மானிட்டருக்குப் போகும் பவர் கார்டும் கம்ப்யூட்டருக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே வகைதான், அதைக் கழற்றி கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சின்ன ஸ்விட்ச் இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிவரவில்லையா? ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்க பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். முன்பக்க யூஎஸ்பி ஓட்டைக்குள் தகடு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் சில கம்ப்யூட்டர்கள் எழ மறுக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம், பல மதர்போர்டுகளில் சின்னதாக ஒரு லைட் உண்டு. ப்ளக் போட்டதும் அது எரிந்தால் 5 வோல்ட் வருகிறது என்று அர்த்தம், சந்தேகம் முன்பக்க பவர் பட்டன் பக்கம் திரும்பும். பவர் பட்டனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் சொருகச் சொல்லுங்கள். ரீசெட்டை அழுத்தியதும் ஆன் ஆகிறதென்றால் கெட்டது பட்டன் மட்டும்தான்.

2009 வாக்கில் ஒரு பள்ளிக்கூட அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் புதுப் போர்டு போட வைத்தேன். போர்டு மாற்றியும் எழவில்லை, கெட்டிருந்தது பட்டன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தலைமையாசிரியர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து, சோதிக்காமல் போர்டின் மேல் பழி போடுவதில்லை.

லைட் எரியாவிட்டால், அந்தத் தம்பியை உங்கள் கண் முன்னாலேயே எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, அதன் பிறகு ப்ளக் போட வேண்டும். ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, மஞ்சள் ஒயரில் மீட்டர் வைத்தால் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினால் போதும், மதர்போர்டு விலையில் சின்னப் பங்குதான் ஆகும். அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்து, பட்டனும் நன்றாக இருந்து, ஹார்டு டிஸ்க், டிவிடி எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அசைவில்லை என்றால் அந்தத் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. அப்போது போர்டை மாற்றிக்கொள்ளுங்கள்.