வகுப்பில் வந்த பின்னம் இரண்டு வாரத்தில் எங்கே போகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். பிள்ளைகள் குறைவு என்பதால் மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே வகுப்பு. பின்னக் கூட்டல் நடத்தும் அன்று எல்லாரும் சரியாகச் செய்கிறார்கள், பயிற்சித்தாளையும் முடித்துத் தருகிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் விழிக்கிறார்கள். பெற்றோர் இன்னும் நிறைய பயிற்சித்தாள் கேட்கிறார்கள். ஒரு பட்டறையிலோ, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து நடத்தச் சொன்னார்கள். நான் எதைச் செய்ய?

பதில்: டீச்சர், பட்டறையில் சொன்னதை முதலில் விட்டுவிடுங்கள். 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். கற்றல் பாணிக்கு ஏற்பப் பிரித்து நடத்தினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பின்னத்துக்குப் படம் வேண்டும், எல்லாருக்கும் வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெண்பலகையில் இப்போதுதான் செய்து காட்டியிருக்கிறீர்கள். தாளில் பத்துக் கணக்கும் ஒரே வகை. இரண்டாவது கணக்கிலிருந்து பிள்ளை யோசிக்கத் தேவையில்லை, மேலே உள்ளதைப் பார்த்து எண்ணை மாற்றினால் போதும். அன்று கிடைக்கும் சரியான விடை, அன்றைக்குச் செய்ய முடிந்தது என்பதை மட்டும்தான் காட்டும். மனத்தில் தங்கியதா என்பது பார்த்துச் செய்ய எதுவும் இல்லாதபோதுதான் தெரியும்.

ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை மூன்று தடவை எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 40 விழுக்காடு, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61. பங்கெடுத்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், படித்ததும் கணிதம் இல்லை. அந்த எண்களை அப்படியே நம் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் நினைவிலிருந்து எடுக்கும் முயற்சியே நினைவை வலுவாக்குகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

அதனால் பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும். பலகையை இரண்டாகப் பிரித்து ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு கேள்வி எழுதுங்கள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று, போன ஆண்டுப் பாடத்தில் ஒன்று. விடை எழுதச் சிறு வெண்பலகை வாங்கக் காசு இல்லையென்றால், பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைத் தாளைச் செருகிக் கொடுங்கள், மார்க்கரால் எழுதி அழிக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். கை தூக்குகிறவர்களை மட்டும் கேட்டால் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்ளும். புள்ளி போடாதீர்கள். புள்ளி வந்தால் பயம் வரும், அப்புறம் பக்கத்துப் பிள்ளையின் பலகையைப் பார்ப்பார்கள்.

தவறான விடையை உடனே திருத்துங்கள், ஆனால் அதை வைத்து ஒரு கேள்வி கேட்ட பிறகு. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று காட்டும் பிள்ளை கண்டிப்பாக இருக்கும். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டியிருக்கும். "அய்யா, ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிசா, சின்னதா? அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று கேளுங்கள். கீழெண்ணைச் சமப்படுத்தும் விதியைத் திரும்பச் சொல்வதைவிட இது நல்லது. பலர் விதியை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் மூன்றாம் ஆண்டோடு உட்கார வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நான்காம் ஆண்டுக்கு வெறும் கணக்குகளைக் கொடுக்காதீர்கள். புதிதாகக் கற்பவருக்கு ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்க முடிவது மிகக் கொஞ்சம். வழி தேடுவதிலேயே அது தீர்ந்துவிட்டால் கற்க ஒன்றும் மிஞ்சாது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாட்டின் சாரம் இதுதான். அவரும் கூப்பர் என்ற ஆய்வாளரும் 1985-இல் இயற்கணிதத்தில் கண்டது: முழுதாகச் செய்துகாட்டிய ஒரு கணக்கையும் அதேபோன்ற ஒன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், பிள்ளைகள் பிறகு அதே வகைக் கணக்கை வேகமாகவும் குறைந்த பிழையோடும் செய்கிறார்கள். நீங்களும் இடப்பக்கம் செய்த கணக்கு, வலப்பக்கம் செய்ய வேண்டிய கணக்கு என்று தாள் தயாரியுங்கள். அடுத்த தாளில் கடைசி வரியை விட்டுவிடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரிகளை. கைவந்துவிட்ட பிள்ளைக்கு இந்த உதவி தேவையில்லை, அவனை நேரே கணக்குக்கு அனுப்புங்கள். உதவி நீடித்தால் அவனுக்கு அது இடைஞ்சல்.

வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலையைப் பதிவு செய்வதையும் இதோடு சேருங்கள். 2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். ரத்தானதிலிருந்து ஆசிரியரின் கணிப்புக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. நடத்திய அன்றே 4, 5 என்று உயர்ந்த நிலையைப் போட்டுவிடாமல், இரண்டு வாரம் கழித்து அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்ததை வைத்துப் போடுங்கள். முதல் மாதம் அடைவுநிலை இறங்கித் தெரியும். தலைமையாசிரியரிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெற்றோருக்கும் தாள் கொடுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் முப்பது கணக்கு வேண்டாம், எட்டு போதும். பின்னக் கூட்டல் இரண்டு, கழித்தல் இரண்டு, ரிங்கிட் சென் ஒன்று, நேரம் ஒன்று, பெருக்கல் வாய்பாட்டில் இரண்டு என்று கலந்து வையுங்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். "முன்னைவிடத் தப்பு அதிகமா வருதே டீச்சர்" என்று யாராவது கேட்டால், கலந்து கொடுக்கும்போது தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, மூன்று வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.