அம்மாவின் மறதி: முதலில் மாத்திரையைப் பாருங்கள்

சகோதரி, ஆயர் ஈத்தாமில் இருக்கும் உங்கள் 70 வயது அம்மா சளி மாத்திரையைத் தூக்கத்துக்காக மாதக்கணக்கில் தினமும் போடுகிறார், இப்போது பேச்சில் தடுமாறுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதுமை மறதி என்று அதற்குள் கலங்காதீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட குளோர்பெனிரமின், மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கிறது, தூக்கம் அதனால்தான். கூடவே நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலினையும் தடுக்கிறது. வயதான உடலில் மருந்து மெதுவாகவே வெளியேறும். வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கான பீர்ஸ் பட்டியலிலும் இது இருக்கிறது.

பட்டர்வொர்த்தில் என் பெரியம்மாவும் இதே மாத்திரையைப் போட்டுவந்தார்; ஒரே சாம்பாரில் மூன்று முறை உப்புப் போட்டார். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும், மலச்சிக்கல் வேறு. உங்கள் அம்மாவுக்கும் இவை இருக்கின்றனவா? மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் பெரியம்மா தெளிந்தார்.

எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லமாட்டேன். சிறுநீர்த் தொற்று, தைராய்டு, பி12 குறைவு ஆகியவையும் குழப்பம் தரும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், இருமல் மருந்தையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு இந்த வாரமே அரசு கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென ஆளே தெரியாமல் பேசினாலோ சிறுநீர் வராமல் நின்றாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.