பழைய கவுனைப் பிரிக்காமல் பேட்டர்ன் எடுப்பது: பயிற்சிக்குப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆடை வடிவமைப்பு படித்தபோது ஒரு பழைய ஆடைச் சேகரிப்பில் பயிற்சிக்குப் போனேன். 1930களிலிருந்து 1960கள் வரை தைத்த கவுன்களைப் பார்த்து, அவற்றை எந்த வடிவத்தில் வெட்டினார்கள் என்று தாளில் திரும்ப வரைவதுதான் வேலை. இப்போது அதே வேலைக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, நேராகப் பதிலுக்கே போகிறேன்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவி): அக்கா, தையலைப் பிரிக்கக் கூடாது என்றால் பேட்டர்னை எப்படி எடுப்பது?

அளந்துதான் எடுக்க வேண்டும். கவுனை மேசையில் விரித்து, முதலில் துணியின் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) எந்தத் திசையில் ஓடுகிறது என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். முன்பாகத்தின் நடுவில் அந்த நூலை ஒட்டி, வேறு நிறத்தில் ஒரு பருத்தி நூலை நேராக வையுங்கள். அதற்குச் செங்குத்தாக மார்பு மட்டத்தில் இன்னொரு நூல். இனி எல்லா அளவும் இந்த இரண்டு நூலிலிருந்துதான். நடு நூலிலிருந்து பக்கத் தையல் எவ்வளவு தூரம் என்று 2 செ.மீ.க்கு ஓர் இடத்தில் அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். கழுத்து, கைக்குழி போன்ற வளைவுகளில் 1 செ.மீ.க்கு ஒரு புள்ளி வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் அந்தத் துண்டு கிடைத்துவிடும்.

டார்ட் (உடம்பின் வளைவுக்காக ஆப்பு போல மடித்துத் தைத்த இடம்) பிடித்த துண்டு தட்டையாகப் படியாது. அதை அமுக்கிப் படிய வைக்காதீர்கள். டார்ட்டின் ஒரு பக்கம் வரை விரித்து அளந்துவிட்டு, கவுனை மெல்ல நகர்த்தி மறுபக்கத்தைத் தனியாக அளக்க வேண்டும். தாளில் இரண்டையும் டார்ட்டின் நுனியில் சேர்த்தால் நடுவில் ஓர் ஆப்பு போல இடைவெளி விழும். டார்ட்டுக்குள் போன துணி அதுதான். உள்பக்கம் திருப்பி, மடிப்பின் அகலத்தையும் அளந்து சரிபாருங்கள்.

கேள்வி: குண்டூசி குத்தி, கீழே இருக்கும் தாளில் துளை விழ வைக்கும் முறை வேகமாக இருக்குமே?

வேகம்தான். உங்கள் சொந்தப் பருத்திச் சட்டைக்குச் செய்துகொள்ளுங்கள். சாட்டின், டாஃபெட்டா போன்ற நெருக்கமாக நெய்த துணிகளில் குத்திய துளை மூடாது. ஊசிக்குப் பதிலாகச் சின்ன எடைகளை வைத்துத் துணியை நிறுத்துங்கள். பக்கத்தில் பேனாவே இருக்கக் கூடாது, பென்சில் மட்டும்.

கேள்வி (பயிற்சியில் மூன்றாவது வாரம்): இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துவரவில்லை. எதை எடுத்துக்கொள்வது? இரண்டின் சராசரி போட்டால் போதுமா?

சராசரி மட்டும் வேண்டாம். நான் சூடு பட்டது இதில்தான்.

எனக்கு முதலில் வந்தது 1940களின் கருநீல ரேயான் கிரேப் கவுன். வலது தோள் இடதைவிட ஒன்றரை செ.மீ. குட்டை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஒரே தோளாக வரைந்து, காடாத் துணியில் மாதிரி தைத்தேன். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு நாள் கைக்குழியைத் திருத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வழிகாட்டி வந்தவர் என் மாதிரியைத் தொடவே இல்லை. பழைய கவுனின் வலது தோளை உள்பக்கம் திருப்பி விளக்கடியில் பிடித்தார். இப்போதைய தையலுக்கு வெளியே, தையலுக்கு விட்ட ஓரத்தில், சீரான இடைவெளியில் ஒரு வரிசைத் துளைகள். முதல் தையல் போன இடம் அதுதான். அதை மடித்த இடத்தில் நிறம் மங்காமல் ஒரு கோடும் இருந்தது. அணிந்தவருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்க வேண்டும், பிறகு யாரோ பிடித்துத் தைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு தாள் கணக்கு. முதல் தாளில் கவுன் இன்று இருக்கிறபடி, கோணலோடு அப்படியே. இரண்டாவது தாளில், வெட்டியபோது எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைப்பது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணத்தோடு. காரணம் எழுத முடியாத திருத்தத்தைச் செய்வதில்லை. மாணவர்கள் இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிட்டால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இடுப்பில் சுருக்கம் வைத்த பாவாடைப் பகுதிக்கு எவ்வளவு துணி போனது என்று எப்படித் தெரியும்?

சுருக்கத்தில் அளக்காதீர்கள். சுருக்கம் விரிந்து முடிகிற இடத்துக்குக் கீழே, ஒரே ஊடை நூலை (குறுக்குவாக்கில் ஓடும் நூல்) பிடித்துக்கொண்டு பக்கத் தையலிலிருந்து பக்கத் தையல் வரை அளங்கள். பக்கத் தையல் சரிவாகப் போனால் அந்தச் சரிவை மேல்நோக்கி நீட்டி வரையுங்கள். உள்ளே துணியின் கரை (நெசவிலேயே முடிந்த ஓரம்) தெரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் கரை இருந்தால் துணியின் முழு அகலத்தையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், பாதி வேலை முடிந்தது.

கேள்வி: கிராஸாக, அதாவது நூலுக்கு மூலைவாட்டமாக, வெட்டிய 1930களின் மாலை நேர கவுன். அளந்தபடி தைத்தால் மாதிரி நீளமாகவும் ஒல்லியாகவும் வருகிறது. எங்கே தப்பு?

தப்பு உங்களுடையது இல்லை. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மேட்லென் வியோனே புகழ்பெற வைத்த வெட்டு அது. துணி மூலைவாட்டமாகத் தொங்குவதால் தன் எடையிலேயே நீளும், நீண்ட அளவுக்கு அகலம் குறையும். பல வருடம் ஹேங்கரில் தொங்கிய கவுனை நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

செங்கோணமாக வெட்டிய ஒரு சின்ன அட்டையைத் துணிமேல் வைத்து, பாவும் ஊடையும் அதன் இரண்டு விளிம்போடும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நூல்கள் சதுரமாக இல்லாமல் டைமண்ட் போலச் சாய்ந்திருந்தால் அந்த இடம் இழுபட்டிருக்கிறது. இடுப்பு, தொடை, கீழ் விளிம்பு என்று பல இடங்களில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இழுவை எங்கும் ஒரே அளவாக இருக்காது. இரண்டாவது தாளில் அந்த டைமண்டைச் சதுரமாக்கி வரைந்தால் நீளம் குறைந்து அகலம் கூடும். மாதிரி தைத்ததும் ஓர் இரவு தொங்கவிட்டு, அப்புறம் கீழ் விளிம்பை வெட்டுங்கள்.

கேள்வி: எந்தக் காலத்துக் கவுன் என்று ஜிப்பை வைத்துச் சொல்லலாமா?

ஓரளவுக்கு. இடது பக்கத் தையலில் உலோக ஜிப் இருந்தால் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை என்று தொடங்கலாம். நைலான் சுருள் ஜிப் 1960களில்தான் பரவலானது. ஆனால் ஜிப்பை மாற்றித் தைப்பது சுலபம், சுற்றிலும் பழைய துளை இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். உள்ளே ‘சிசி41’ முத்திரை இருந்தால் அது பிரிட்டனில் 1941இல் வந்த போர்க்காலச் சிக்கன ஆடைத் திட்டத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவிலும் 1942இல் எல்-85 என்ற ஆணை வந்து, பாவாடையின் சுற்றளவுக்கும் விளிம்பு மடிப்புக்கும் வரம்பு வைத்தது. அந்த ஆண்டுகளின் கவுனில் துணி குறைவாகத் தெரிந்தால் பேட்டர்னைத் தாராளமாக்கிவிடாதீர்கள். 1947 பிப்ரவரியில் பாரிஸ் வடிவமைப்பாளர் டியோர் காட்டிய அகலப் பாவாடைகள் அவ்வளவு பேச்சுக்கு இடமானதும் இந்தச் சிக்கனத்துக்குப் பிறகு வந்ததால்தான்.

கேள்வி: அளவு 14 என்று எழுதியிருக்கிறது, ஆனால் குட்டியாக இருக்கிறதே?

எண்ணை நம்பாதீர்கள். 1950களின் முற்பகுதி அமெரிக்கப் பேப்பர் பேட்டர்னில் 14 என்றால் மார்பு 32 அங்குலம்தான், அதே எண் இன்றைக்கு வேறு உடம்பு. செ.மீ.யில் எழுதுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது.

கேள்வி: என் பேட்டர்ன் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேர வேண்டிய இரண்டு தையல் கோடுகளையும் தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்திக்கொண்டே போங்கள். நீளம் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத இடமெல்லாம் பிழை இல்லை. பின்தோள் முன்தோளைவிட ஒரு செ.மீ. வரை நீளமாக இருந்தால் தைத்தவர் அந்த மிச்ச நீளத்தைச் சுருக்கம் தெரியாமல் லேசாக உள்ளடக்கித் தைத்திருப்பார். கையின் மேல் வளைவும் கைக்குழியைவிட நீளமாகத்தான் வரும். இவற்றை வெட்டிச் சமமாக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அப்புறம் காடாத் துணியில் மாதிரி தைத்துப் பொம்மையில் மாட்டுங்கள். கிரேப் கவுனுக்கு மட்டும் காடா போதாது. காடா விறைப்பானது, கிரேப் விழுகிற மாதிரி விழாது. முதல் மாதிரி காடாவில், இரண்டாவது அதே கனமுள்ள துணியில்.

கேள்வி: கையால் வரைந்ததைக் கணினியில் ஏற்றலாமா?

தாராளமாக. ஸ்கேன் செய்யும் முன் தாளின் மூலையில் 10 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்துவிடுங்கள். அச்சிட்டதும் முதலில் அந்தச் சதுரத்தை நீளத்திலும் அகலத்திலும் அளக்க வேண்டும். 9.7 வந்தால், பக்கத்துக்குள் அடங்கும்படி பிரிண்டர் சுருக்கியிருக்கிறது. அந்த அமைப்பை நீக்கிவிட்டு மறுபடி அச்சிடுங்கள்.