டி.எம்.எஸ். குரலில் தே தாரேக்

வணக்கம் ஐயா.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் திருப்பணி நிதிக்காக நடந்த இசை இரவுக்குப் பெரியப்பாவை அழைத்துப் போயிருந்தேன். நம்மூர்ப் பாடகர் ஒருவர் பழைய பாட்டுகளை நன்றாகப் பாடினார். இடைவேளைக்குப் பிறகு டி.எம்.எஸ்., சீர்காழி, எஸ்.பி.பி., ஜேசுதாஸ் என்று ஒவ்வொருவர் குரலிலும் வேடிக்கையாகப் பாடிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. சீர்காழிக்குப் பெரியப்பாவும் சிரித்தார். கடைசியில், வயதான காலத்தில் மேடையில் குரல் நடுங்கி, வரி மறந்து நிற்கும் ஒரு பெரிய பாடகரைப் போலச் செய்தார். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வீடு வந்து சேரும் வரை, "பெரிய மனுசங்கள கேலி பண்ணிக் காசு பாக்குறான்" என்று திட்டிக்கொண்டே வந்தார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவள்தான். சிரித்தது தப்பா? இவ்வளவு நல்ல குரல் உள்ளவருக்கு இந்த மிமிக்ரி தேவையா?

ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள வாசகிக்கு,

சிரித்தது தப்பில்லை. ஆனால் பெரியப்பா எந்த இடத்தில் எழுந்தார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் கவனியுங்கள். டி.எம்.எஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தவர், சீர்காழிக்குச் சிரித்தவர், நடுங்கும் குரல் வந்ததும்தான் எழுந்து போனார். காரில் வரும்போது எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டியிருக்கலாம். கோபத்தில் யாரும் பிரித்துப் பிரித்துப் பேசுவதில்லை. அவர் எழுந்த இடம் சரியான இடம் என்றே நினைக்கிறேன்.

ஒரு பாடகரிடம் அவர் உழைத்துச் சேர்த்துக்கொண்டவை சில இருக்கும். எங்கே மூச்சு எடுப்பது, எந்த எழுத்தை அழுத்துவது, ஒரு சங்கதியை எவ்வளவு நீட்டுவது என்பதெல்லாம் அந்த வகை. வயதும் நோயும் அவர்மேல் ஏற்றிவிட்டவை வேறு. முதல் வகையைப் பிடித்துக் காட்டினால் அந்தப் பாடகரே கண்முன் வந்து நிற்பார். இரண்டாவதில் அவர் இல்லை, முதுமை மட்டும்தான் இருக்கிறது. எண்பது வயதில் யாருக்கும் மூச்சு முட்டும், வரி மறக்கும். அதைச் செய்து காட்ட சங்கீதம் தெரிய வேண்டியதே இல்லை. மனசுக்குச் சங்கடமானது என்பது ஒரு பக்கம். கலை என்று பார்த்தாலும் அது மட்டமான வேலை.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கல்யாண மண்டபங்களில் பாடும் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். நிகழ்ச்சி முடிந்து வாத்தியக்காரர்களோடு, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' சாப்பாட்டுக் கடையில் வந்து உட்கார்ந்ததும், "ஆனே, ரொட்டி கோசோங் ரெண்டு, தே தாரேக் ஒண்ணு, குராங் மானிஸ்" (அண்ணே, வெறும் ரொட்டி ரெண்டு, இழுத்து ஆற்றிய டீ ஒண்ணு, இனிப்பு கம்மி) என்ற ஒரே ஆர்டரை ஒவ்வொரு பாடகராக மாறி மாறிப் பாடுவார். டி.எம்.எஸ். என்றால் 'ரொட்டி'யில் வரும் டகரம் மேசையைத் தட்டினாற்போல விழும். மோவாய் லேசாக மேலே ஏறும். 'ரெண்டு' என்பது சபதம் மாதிரி இறங்கும். "எம்.ஜி.ஆருக்குப் பாடுங்க" என்று தபேலாக்காரர் கேட்டால், குரல் கொஞ்சம் இளகி மூக்குப் பக்கம் போகும். "சிவாஜிக்கு" என்றால் அதே வரி அடிவயிற்றிலிருந்து வரும். சீர்காழி 'தே'யை உச்சிக்குக் கொண்டுபோய் கணீரென்று அங்கேயே நிறுத்திவிடுவார், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பி.பி. ஸ்ரீநிவாஸ் 'குராங் மானிஸ்' என்பதை டீ போடுகிறவரின் காதோடு ரகசியமாகச் சொல்வார். எஸ்.பி.பி. வந்தால் 'ஒண்ணு'வுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு புகுந்து வெளியே வரும். சுருதி மட்டும் இம்மி அசையாது.

அவர் அந்தப் பாடகர்களின் புகழ்பெற்ற பாட்டு எதையும் தொடுவதில்லை என்பதைப் பாருங்கள். தெரிந்த பாட்டாக இருந்தால் நம் காது பாட்டின் பின்னால் போய்விடும். ரொட்டியும் டீயும் என்றால் பாடும் முறை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அமெரிக்காவில் ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2016இல் பாப் பாடகி கிறிஸ்டினா அகிலேரா செய்ததும் இதே வித்தைதான். பிரிட்னி ஸ்பியர்ஸ் குரலில் ஒரு குழந்தைப் பாட்டைப் பாடினார். அகிலேராவே பெரிய பாடகி, பிரிட்னி அவர் காலத்துப் போட்டியாளர். இத்தனை துல்லியமாகச் செய்ய வேண்டுமென்றால் எத்தனை வருஷம் அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்! ரசிகர் பாட்டைக் கேட்டால் போதும். இவர்கள் தொண்டையைக் கேட்கிறார்கள். பெரியப்பாவிடம் சீர்காழிக்கு எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குரலை உயிராக நேசித்தவர்களுக்கு மட்டுமே பிடிபடுகிற ஒரு இடத்தைச் சொல்வார்.

பெரியவர்களுக்கு இது அவமானம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே திரையில் வாயசைப்பது யார் என்று தெரியும்படி டி.எம்.எஸ். பாடினாரே, அதற்கு முதலில் அந்த நடிகர்கள் பேசுகிற விதத்தை அவர் தன் தொண்டைக்குள் இறக்கியிருக்க வேண்டும். எஸ்.பி.பி. கமலுக்குத் தெலுங்கில் பின்னணி பேசியவர். தசாவதாரத்தின் தெலுங்கு வடிவத்தில் கமலின் பத்து வேடங்களில் ஏழுக்கு அவர் குரல், அதில் ஒன்று பாட்டி வேடம். குரல் மாற்றுவதை இவர்கள் தங்கள் தொழிலின் நடுவிலேயே வைத்திருந்தார்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 'மலேசிய டி.எம்.எஸ்.', 'மலேசிய எஸ்.பி.பி.' என்று பட்டம் கொடுத்து, சால்வை போர்த்தி, ஒரு மனிதரை முப்பது வருஷம் இன்னொருவர் குரலிலேயே பாட வைத்துவிடுகிறோம். அவர் தன் குரலில் ஒரு வரி பாடினால் மண்டபத்தில் பேச்சுச் சத்தம் ஆரம்பித்துவிடும். இதை யாரும் கேலி என்று சொல்வதில்லை, மரியாதை என்கிறோம். வேடிக்கைக்காகச் செய்கிறவர் அடுத்த நிமிடம் தன் குரலுக்குத் திரும்பியே ஆக வேண்டும், அந்தத் திரும்புதல் இல்லையென்றால் சிரிப்பே வராது. அதனால் அவருக்குத் தன் குரல் எது என்று தெரிந்திருக்கும். பட்டம் வாங்கியவருக்கு அந்த வசதி கிடையாது.

சாயலில் தொடங்குவதைக் குறை சொல்லவில்லை. டி.எம்.எஸ்ஸே அப்படித் தொடங்கியவர்தான். 1950இல் வந்த கிருஷ்ண விஜயம் படத்தில் அவர் பாடியது, எம்.கே. தியாகராஜ பாகவதரின் சிந்தாமணி படப் பாட்டொன்றின் மெட்டில், பாகவதர் பாணியில். இந்தியில் பாடகர் முகேஷ், அவருக்கு முந்திய கே.எல். சைகலின் சாயலோடு வந்தார். இருவரும் அதிலிருந்து வெளியே வந்தார்கள், வெளியே வர அவர்களுக்குப் புதுப் பாட்டுகள் கிடைத்தன. இங்கே பிறந்து, இங்கே நாடகக் குழுவில் இருந்து, சென்னைக்குப் போன மலேசியா வாசுதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் பதினாறு வயதினிலே படத்தில் அவருக்குப் பெரிய வாய்ப்பு வந்ததே எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாமல் போனதால்தான். அன்றைக்கு எஸ்.பி.பி. மாதிரிப் பாடிவிட்டு வந்திருந்தால் இரண்டு நாள் மாற்றாள், அவ்வளவுதான். அவர் தன் குரலில் பாடினார். நாட்டின் பெயரையும் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்தப் பாடகருக்கு மிமிக்ரி தேவையா? பத்து நிமிடம் தாராளமாகச் செய்யட்டும். நடுங்கும் குரலை மட்டும் விட்டுவிடச் சொல்லி அவருக்கே எழுதுங்கள், பெரியப்பா எழுந்து போனதையும் சேர்த்து எழுதுங்கள். நல்ல காது உள்ளவர், புரிந்துகொள்வார். அப்புறம், அந்த இடத்தில் நம்மூர் இசையமைப்பாளர் ஒருவரின் பாட்டை இந்தப் பாடகரைத் தன் சொந்தக் குரலில் பாடவிடும்படி ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். டிக்கெட் வாங்குகிற நீங்கள் கேட்டால்தான் அவர்கள் காதில் விழும். பாடகர் கேட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.