வீட்டுக்குப் போகுமுன் சிஸ்டரிடம் கேளுங்கள்

அரசு மருத்துவமனை வார்டுகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். டிஸ்சார்ஜ் பற்றியும் அதற்குப் பிந்தைய கவனிப்பு பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் அசையவில்லை. மூக்கு வழியாக டியூபில் உணவு போகிறது. நாளை மறுநாள் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? (மகள், தஞ்சாவூர்)

பதில்: வாங்குவது கிடக்கட்டும் அம்மா. கையில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இனி ஒவ்வொரு வேளையும் டியூபில் நீங்களே ஊற்றுங்கள். வார்டு சிஸ்டர் பக்கத்தில் நிற்கட்டும். அவர்கள் செய்வதைப் பார்த்தால் எல்லாம் புரிந்ததுபோல்தான் இருக்கும். வீட்டில் சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போதுதான் கை நடுங்கும்.

தலைமாட்டை உயர்த்தி அப்பாவைச் சாய்ந்து உட்கார வைத்த பிறகே தொடங்குங்கள். மூக்கருகே டியூபில் போட்டிருக்கும் அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். வடிகட்டிய கஞ்சி தானாக இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. அடுத்த ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். மேலேறும் கஞ்சி நுரையீரலுக்குள் போனால் மறுபடி அதே வார்டுதான். ‘ஆசைக்கு ஒரு வாய் காபி’ என்று தம்ளருடன் வரும் பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விழுங்கலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை பாட்டியைச் சமையலறையிலேயே நிறுத்துங்கள். எல்லா மாத்திரையையும் பொடித்துக் கொடுக்கக் கூடாது. எதைப் பொடிக்கலாம் என்று கேட்டுப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். குதிகால், இடுப்பு, முதுகின் அடி மூன்றையும் தினமும் பாருங்கள்; சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. தூக்கும்போது அசையாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும். இனி வாங்குவதற்கு வருகிறேன்: படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட் (காற்று மெத்தை) வாங்குங்கள். தலைமாட்டை உயர்த்தும் கட்டிலை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்று இருக்கிறது. அம்மா பழைய மாத்திரையையும் சேர்த்தே போடலாமா? (மகன், விருதுநகர்)

பதில்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று அர்த்தம். பழையதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒருமுறை, டிஸ்சார்ஜ் ஆகி நான்காம் நாள் ஓர் அம்மா தலைசுற்றி விழுந்து திரும்ப வந்தார். பையைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு அட்டை, இரண்டு பெயர், உள்ளே இருப்பது ஒரே இரத்த அழுத்த மருந்து. கம்பெனி வேறு, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டிஸ்சார்ஜ் அன்று எடுத்துப் போங்கள். எது தொடரும், எது நிற்கும் என்று மருத்துவரே எழுதித் தரட்டும். நிறுத்தச் சொன்னதை அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. மாமியார் அந்த நேரத்தில் கிளம்பக் கூடாது என்கிறார். (மருமகள், கரூர்)

பதில்: கவலைப்படாதீர்கள். பில் முடிந்து சீட்டு கைக்கு வரும்போது ராகு காலம் எப்போதோ போயிருக்கும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்காக மாலைவரை உட்கார வைத்துவிட்டார்கள். இதற்கு வரம்பே இல்லையா? (வாசகர், கோவை)

பதில்: இருக்கிறது. பணமில்லாச் சிகிச்சையில் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டும் ‘கேஷ்லெஸ்’ முறை), மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாத உத்தரவு. அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாகக் கட்டணம் போட்டால் அது நிறுவனத்தின் செலவு. ஆனால் கோரிக்கையை மருத்துவமனை எப்போது அனுப்பியது என்று கேளுங்கள். பல நேரம் தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: 108 வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: கூடாது, அது அவசரத்துக்கு. பிரசவமான தாயையும் குழந்தையையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் விட 102 உண்டு.

கேள்வி: எங்கள் கிராமத்திலிருந்து பிசியோதெரபிக்கு வாரம் மூன்று முறை நகரத்துக்கு வர முடியாது. என்ன செய்வது? (மனைவி, தருமபுரி மாவட்டம்)

பதில்: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில்தான் தொடங்கியது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டில் தருவதோடு இயன்முறைச் சிகிச்சையும் படுக்கையில் கிடப்பவர்களுக்கான கவனிப்பும் அதில் அடங்கும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதியுங்கள். அவர்கள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். வார்டில் சொல்லித் தந்த பயிற்சியைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: பாட்டிக்குச் சிறுநீர் டியூபும் பையும் இருக்கின்றன. நாங்கள் மூன்று வீடு. மாதம் ஒரு வீடு என்று பேசி வைத்திருக்கிறோம். சரிதானே? (பேரன், திருநெல்வேலி)

பதில்: பேசி வைத்ததே பெரிது தம்பி. பை எப்போதும் பாட்டியின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் காய்ச்சலில் முடிகிறது. டியூபை மாற்ற வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதுங்கள். மூன்று வீட்டில் இருந்தால், அடுத்த வீடு பார்த்துக்கொள்ளும் என்று அந்தத் தேதி நழுவும். சீட்டு, மாத்திரை, கணக்கு நோட்டு மூன்றும் ஒரே பையில் பாட்டியோடு பயணம் செய்ய வேண்டும். வீடு மாறும்போது அந்தப் பையை முதலில் வண்டியில் ஏற்றுங்கள். புடவைப் பெட்டி மறுநாள் வந்தால் பாட்டி திட்டுவார், அவ்வளவுதான்.