காலையில் எடுக்காத வேனுக்கு எஞ்சினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் காய்கறி ஏற்ற 2011ஆம் ஆண்டு டீசல் ஹையேஸ் வைத்திருக்கிறேன். 300,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலையில் பத்து முறை சுற்றினால்தான் எடுக்கிறது, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருகிறது. பகலில் பாரத்தோடு நன்றாக இழுக்கிறது. பட்டறைக்காரர் எஞ்சின் முடிந்துவிட்டது, 9,000 வெள்ளிக்கு ஹாஃப்கட் (வெளிநாட்டில் பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டியின் எஞ்சின்) போடலாம் என்கிறார். இன்னும் ஐந்து வருடம் ஓட்ட நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: பணத்தை வெளியே எடுக்காதீர்கள், தம்பி. பகலில் பாரம் இழுக்கிற எஞ்சின் ராத்திரி படுத்தால் செத்துவிடுமா?

நாளைக் காலை சாவியைத் திருப்புவதற்கு முன், டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் கைப் பம்ப்பை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் இறுகும் வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்துவிட்டால் கோளாறு எஞ்சினில் இல்லை. எங்கோ காற்று புகுந்து, இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பி வடிகிறது. குழாய் கிளிப், ஃபில்டர் ரப்பர், தண்ணீர் வடிக்கும் திருகு, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பத்து வெள்ளியோடு முடிகிற வேலை.

அப்படியும் எடுக்கவில்லை என்றால், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் குழாய்களை நான்கு பாட்டிலில் விட்டு அளந்து பார்க்க வேண்டும். மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிற பாட்டில்தான் குற்றவாளி. இந்தச் சோதனை தெரியாத பட்டறைக்கு, உங்களுடையது போல ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இஞ்செக்டருக்கும் டீசல் போகிற காமன் ரெயில் வண்டியைக் கொண்டு போகாதீர்கள்.

ஃபில்டரையும் கவனியுங்கள். பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு நம் செம்பனையிலிருந்து வந்தது. அது தண்ணீரை இழுக்கும், பழைய டாங்கியின் அழுக்கையும் கரைத்துவிடும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியதுமே 'மலிவாகத் தருகிறேன்' என்று டிரம்மோடு வருகிறவர்களும் முளைத்தார்கள். அதை வாங்காதீர்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த டிரம்மின் அடியில் கிடக்கும் தண்ணீர் நான்கு இஞ்செக்டரையும் தின்றுவிடும்.

இதையெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டே பார்க்கலாம், ஆனால் ஒரே ஒரு விலக்கு உண்டு. எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கூடியிருந்தால், டீசல் வாசமும் அடித்தால், வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். சந்தைக்கு நேரமாகிவிட்டது, இந்த ஒரு நடை மட்டும் என்று கிளம்பாதீர்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயில் தார் மாதிரி குழம்பியிருந்தாலும் இதே கதைதான். உங்கள் ஹையேஸில் இருக்கும் டி-4டி எஞ்சினில் இஞ்செக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் இறங்கி, கீழே இருக்கும் சல்லடையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. அப்படி ஆன பிறகுதான் எஞ்சின் மாற்றும் பேச்சு.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். எஞ்சின் எண் வேறானால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவை மாற்ற வேண்டும். ஹாஃப்கட் எஞ்சினுக்கு வாங்கிய ரசீது, சுங்கப் பத்திரம், பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். 'அதை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே' என்று ரன்னர், அதாவது இடைத்தரகர், காசு வாங்கிக்கொள்வார், கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) பழைய எண்ணே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிற சரக்கு வேன் உங்களுடையது. பரிசோதனை வரிசையில் எண் பொருந்தாமல் மாட்டிக்கொள்வது நீங்கள், ரன்னர் போனையே எடுக்க மாட்டார். ஜேபிஜே கவுண்டரில் என்னென்ன வேண்டும் என்று ஒரே தாளில் எல்லா விவரமும் எழுதிக் கொடுத்தால் ரன்னருக்கு வேலையே இருக்காது. யார் சொல்லி யார் கேட்கிறார்கள்?

பத்திரங்களைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால் அந்தக் கைப் பம்ப்பை அழுத்திப் பாருங்கள்.